ரெண்டு தேக்சா

மூடியாச்சு. இனி நானே நினைச்சாலும் திறக்க முடியாது. ரெண்டு தேக்சா அண்டா விளிம்பையும் சுத்தி மைதா மாவை அப்பி, மூடி மேல நெருப்புக் கங்கை அள்ளிக் கொட்டி, தோள்ல கிடந்த துண்டால முகத்தைத் துடைச்சுக்கிட்டு பீர் அண்ணன், சமையல் பண்டாரியோட கையாள், என்னைப் பார்த்தார் ஒரு பார்வை. "இனிமே அல்லா விட்ட வழிம்மா." அல்லா விட்ட வழிதான், யார் இல்லேன்னா. ஆனா தண்ணி நான் விட்டது. பண்டாரி சொன்ன அளவுக்கு மேல மூணு படி தண்ணி, தேக்சாவுக்கு ஒண்ணரைப் படி, என் வாயால சொல்லி, என் கண் முன்னால ஊத்த வச்சது. உள்ள கிடக்கிறது இருபது படி சீரகச் சம்பா. தஸ்லீமா கல்யாண பிரியாணி. என் கூடப் பிறந்த ஒரே தங்கச்சி. மஹாலுக்குள்ள மைக்ல இமாம் பேசுற சத்தம் கேக்குது, நிக்காஹ் முடியறதுக்கும் இங்க தம் உடைக்கிறதுக்கும் சரியா இருக்கும். மணப்பொண்ணோட அக்கா நான், பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கிட்டு தகரக் கொட்டகையில நிக்கிறேன், காலையில பூசின பவுடரெல்லாம் புகையோட போச்சு. மேற்கே மலையில இருந்து இறங்குற காத்து, கம்பம் ஊர்க்காரங்களுக்குத் தெரியும் அந்தக் காத்து, தகரத்தைத் தட்டிக்கிட்டே இருக்கு. காத்தைக் கணக்குல சேர்த்தேனா? சேர்த்தேன். அடுப்புல படாம ரெண்டு தகரத்தை நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினாங்களா ஒழுங்கா? நிறுத்தினாங்கடி, நீதானே பார்த்தே, சும்மா இரு.

ரெண்டு மூடி. ரெண்டு மேலயும் கங்கு. பார்க்கப் பார்க்க என்னமோ ஒண்ணு நெஞ்சுல முள்ளு மாதிரி உறுத்துது, இதை நான் எங்கேயோ பார்த்திருக்கேன், இதே மாதிரி பக்கத்துல பக்கத்துல செக்கச்செவேல்னு ரெண்டு வட்டம், மேல இருந்து கீழ பார்த்த மாதிரி. எங்கே? வர மாட்டேங்குது. விடு, அப்புறம் வரும். ஒரே தேக்சா வந்திருந்தா இந்தத் தலைவலியே கிடையாது. சிக்கந்தர் பண்டாரிக்கு விடியக்காலை சுபுஹு தொழுகை நேரத்துல கல்லடைப்பு வலி வந்து, ஆஸ்பத்திரிக்குப் போற வழியில அந்த மனுசன் முனகிக்கிட்டே போன்ல சொன்னார்: "ஒண்ணுக்கு ஒண்ணரை தண்ணிம்மா, இருபதுக்கு முப்பது படி, கண்ணை மூடிக்கிட்டு ஊத்தச் சொல்லு, பீருக்கு மத்ததெல்லாம் தெரியும்." அதுக்கப்புறம் ஊசி போட்டுப் படுக்க வச்சுட்டாங்க, போனும் அணைஞ்சு போச்சு. பாத்திரக் கடை வண்டி வந்தது அதுக்கும் பிறகு. இருபது படி வேகுற பெரிய தேக்சாவைக் கேட்டா, அது வேற கல்யாணத்துக்குப் போயிருச்சாம், பத்துப் படி தேக்சா ரெண்டை இறக்கிப் போட்டுட்டுப் போறான். அதுலயும் ஒரு கூத்து, பெரிய தேக்சாவோட மூடி மட்டும் வந்திருக்கு. தேக்சா இல்ல, மூடி இருக்கு! பீர் அண்ணன் அதைத் தூக்கிச் சுவத்துல சாத்தி வச்சுட்டு, "ஒண்ணும் கவலைப்படாதம்மா, அரிசியும் பாதி, கறியும் பாதி, தண்ணியும் பாதி, பதினஞ்சு பதினஞ்சு, முடிஞ்சு போச்சு"ன்னார். எல்லாரும் தலையாட்டினாங்க. பாதிக்குப் பாதி. அதுல என்ன யோசனை இருக்கு? நான் மட்டும் அந்தச் சாத்தி வச்ச மூடியையும் சின்ன தேக்சா வாயையும் மாறி மாறிப் பார்த்தேன். அரிசி பாதிதான், கறி பாதிதான், ஆனா அந்த வாய் பாதி இல்லையே.

வாய் பாதி இல்ல. அவ்வளவுதான் விஷயம், ஆனா அதைச் சொன்னா யாருக்கும் காதுல ஏறல. ஒரு சொம்பு டீயை ரெண்டு கிண்ணத்துல ஊத்தி வச்சா சீக்கிரம் ஆறுதா இல்லையா? அந்த ஆவிதான் இங்கயும். கொடிக்கயிறு ஒண்ணை அறுத்து அந்தப் பெரிய மூடிக்குக் குறுக்கே பிடிச்சு அளந்தேன், கயித்தை அஞ்சா மடிச்சேன், மடிச்ச கயித்தைக் கொண்டு போய்ச் சின்ன தேக்சா வாயில வச்சா நாலு மடிப்பு. நாலே நாலு. பீர் அண்ணன் சிரிச்சார், "என்னம்மா, தேக்சாவுக்குச் சட்டை தைக்கப் போறியா?" தைக்கிறேன் அண்ணே, பொறுங்க. அஞ்சுக்கு நாலுன்னா குறுக்களவுதான் அஞ்சுக்கு நாலு. பரப்புன்னு பார்த்தா அஞ்சஞ்சு இருபத்தஞ்சு, நாநாலு பதினாறு. சின்ன வாய் பதினாறு, ரெண்டு வாய் சேர்ந்தா முப்பத்திரண்டு. பெரிய வாய் இருபத்தஞ்சுதான். அப்ப ஆவி போற வழி கால்வாசிக்கு மேல கூடிப்போச்சு, அரிசி ஒரு மணி கூடக் கூடல! சரி, அப்ப தண்ணியைக் கால் பங்கு கூட்டிடலாமான்னா, அதுவும் கூடாது, அங்கதான் எல்லாரும் குப்புற விழுவாங்க. முப்பது படியும் ஆவியா போறதில்ல. வீட்டுக் குக்கர்ல இறுக்கி மூடினா ஒண்ணுக்கு ஒண்ணுக்கு மேல துளி விட்டாலே இந்த அரிசி பூவா வந்துருது, ஆவிதான் வெளியே போகலையே. அப்ப அரிசி குடிக்கிறது ஒண்ணு. மிச்சம் அரை, தம் போடறதுக்கு முன்னால திறந்து வச்சுக் கொதிக்கும்போது அதுதான் காத்தோட போறது. இருபது படிக்குக் குடிக்கிற தண்ணி இருபது, அதுல கை வைக்கக் கூடாது. போற தண்ணி பத்து. அந்தப் பத்துக்கு மட்டும் கால் பங்குக்கு மேல கொஞ்சம். மூணு படி. அவ்வளவுதான். சொல்லும்போது எவ்வளவு லேசா இருக்கு. சொல்லி முடிச்சதும் பீர் அண்ணன் சொன்னது இன்னும் காதுல நிக்குது: "பண்டாரி சொன்னதுக்கு மேல ஒரு சொட்டு விட மாட்டேன்மா. குழைஞ்சு போச்சுன்னா என் பேரைத்தான் சொல்லுவாங்க." நான் சொன்னேன், "என் பேரைச் சொல்லட்டும் அண்ணே. அது ஏற்கெனவே நாறித்தான் கிடக்கு."

நாறித்தான் கிடக்கு, பொய்யா? இருபது வருசமா என் புகுந்த வீட்டுல எனக்குப் பேரே வேகாத பிரியாணி வீட்டுப் பொண்ணு. என் கல்யாணத்துல சோறு வேகல. மேல பார்த்தா பளபளன்னு இருந்துச்சாம், வாயில போட்டா நறுக்நறுக்குன்னு மணல் மாதிரி. கமரு மச்சி, என் வீட்டுக்காரரோட அக்கா, முதப் பந்தியில உக்காந்தவங்க, ஒரு சோத்தை எடுத்து ரெண்டு விரலுக்கு நடுவுல நசுக்கி, உள்ள இருந்த வெள்ளையைப் பக்கத்துல இருந்தவங்களுக்கெல்லாம் காட்டினாங்களாம். "பொண்ணு கணக்குல பட்டம் வாங்கியிருக்காம், அவங்க அத்தாவுக்கு அரிசி வேகுற கணக்குத் தெரியல பாரு." அதுக்கப்புறம் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் அவங்க அந்த ஒத்தைச் சோத்தை நசுக்காம சாப்பிட்டதே இல்ல. நசுக்கிட்டு என்னைப் பார்ப்பாங்க. கெட்டவங்க இல்ல, என் பிரசவத்துக்கு ராப்பகலா பக்கத்துல இருந்தவங்கதான், ஆனா அந்த நாக்கு இருக்கே! இப்பவும் உள்ள பெண்கள் பக்கம் முதல் வரிசையில உக்காந்திருக்காங்க, நீலக் கலர் சேலை, நான் பார்த்துட்டுத்தான் வந்தேன். இன்னைக்கும் வேகலைன்னா என் தங்கச்சிக்கும் அதே பேரு. பரம்பரைப் பேரு ஆயிரும். குழைஞ்சா? குழைஞ்சா இன்னும் மோசம், கஞ்சி வீட்டுப் பொண்ணுங்கன்னு ஆரம்பிப்பாங்க. இந்தப் பக்கம் மணல், அந்தப் பக்கம் கஞ்சி, நடுவுல மூணு படி தண்ணி. மூணா? இல்ல ரெண்டரையா? கயித்தை இழுத்துப் பிடிச்சேனா தொய்வா பிடிச்சேனா? நாநாலு பதினாறுதானே? யா அல்லா, நாநாலு பதினாறுல எனக்குச் சந்தேகம் வந்துருச்சே.

என்னைப் பெத்த அத்தா இருந்திருந்தா சிரிச்சிருப்பார். அத்தாவுக்கு அந்த நாளுக்கப்புறம் சிரிப்பு கொஞ்சம் கம்மிதான். விறகுல கஞ்சத்தனம்னு ஒருத்தர், பண்டாரியோட சண்டையாம்னு ஒருத்தர், வாய்க்கு வந்ததைச் சொன்னாங்க. அத்தா மட்டும் அரிசியைச் சொல்லுவார். "நான் வாங்கின அரிசிதான்மா சரியில்ல. பழைய அரிசின்னு நம்பி வாங்கிட்டேன்." கடைத்தெருவுல போகும்போதெல்லாம் மூட்டைக்குள்ள கையை விட்டு ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில வச்சுப் பார்ப்பார், வாங்க மாட்டார், பார்த்துட்டு வச்சுருவார். கடைசியா ஆஸ்பத்திரியில மூச்சு வாங்கும்போதும் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "தஸ்லீமா கல்யாணத்துக்கு அரிசியை மட்டும் நீ பார்த்து வாங்கு ஜீனத்து"ன்னார். நிறைய இருக்கு ஒரு மனுசன் கடைசியா கவலைப்படறதுக்கு, அவருக்கு அரிசி. பொம்பளைப் பிள்ளையைக் காலேஜுக்கு அனுப்பாதேன்னு சொந்தமே திரண்டு நின்னப்போ, கணக்குன்னா என் மக கணக்குத்தான் படிப்பான்னு மல்லுக்கு நின்ன மனுசன். என் கல்யாணத்தன்னைக்கு மாடி ரூம்ல என்னை உக்கார வச்சிருந்தாங்க, தலை நிறைய பூ, கழுத்தைத் திருப்ப முடியல, பசி வேற. அத்தா எங்கேன்னு ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தேன். கீழ கொல்லையில நின்னுக்கிட்டிருந்தார், முதுகுதான் தெரிஞ்சுது, அவருக்கு முன்னால ரெண்டு... ரெண்டு மூடி. ரெண்டு மேலயும் கங்கு.

அல்லாவே! ரெண்டு தேக்சா! அன்னைக்கும் ரெண்டு தேக்சா! மேல இருந்து கீழ பார்த்த மாதிரின்னு சொன்னேனே, அதுதானே, அந்த ஜன்னல்தானே. ஞாபகம் வருது, எல்லாம் வருது, காலையில அம்மா யாரையோ திட்டிக்கிட்டிருந்தாங்க, பெரிய தேக்சா வரல, சின்னது ரெண்டுதான் வந்திருக்கு, இருக்கிறதுல சமாளிங்கன்னு. சமாளிச்சாங்க. பாதிக்குப் பாதி. அரிசியும் பாதி, தண்ணியும் பாதி, முடிஞ்சு போச்சு. முடிஞ்சேதான் போச்சு! அந்தப் பண்டாரியும் கெட்டவர் இல்ல, பெரிய தேக்சாவுல கை பழகின மனுசன், கை சொன்ன அளவை ரெண்டாப் பிரிச்சு ஊத்தியிருக்கார், கூடிப்போன வாய் அவர் கண்ணுல படல. ஆவி போயிருச்சு. அரிசிக்குத் தண்ணி பத்தல. எந்த அரிசியா இருந்தாலும் பத்தியிருக்காது, தங்கத்துல அரிசி செஞ்சு போட்டிருந்தாலும் வெந்திருக்காது! இருபது வருசம் இதைச் சுமந்துக்கிட்டு நான் பத்தாவது பிள்ளைங்களுக்குப் பரப்பும் கன அளவும் டியூஷன் எடுத்திருக்கேன், ஒரு பக்கத்துல அது, ஒரு பக்கத்துல இது, ரெண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோணலயே. அழுகையா வருது, சிரிப்பா வருது, பீர் அண்ணன் திரும்பிப் பார்க்கிறார். "என்னம்மா, புகையா?" புகைதான் அண்ணே. நாநாலு பதினாறுதான். சந்தேகமே வேண்டாம், பதினாறேதான்.

ஆனா காரணம் கண்டுபிடிச்சுட்டா சோறு வெந்துருமா? அன்னைக்கு ஏன் தப்பாப் போச்சுன்னு தெரியுது, இன்னைக்குச் சரிங்கிறதுக்கு அது சாட்சி ஆகுமா? திடீர்னு இன்னொண்ணு குத்துது: உப்பு! தண்ணி கூட ஊத்தினேனே, உப்பைக் கூட்டலையே! இரு, இரு, யோசி. கூட ஊத்தின தண்ணி எங்கே போகுது? ஆவியா போகுது. போகும்போது உப்பைத் தூக்கிக்கிட்டா போகும்? உப்பு இங்கயேதான் கிடக்கும். இருபது படி சோத்துக்கு இருபது படிக்கு உண்டான உப்பு. சரிதான், தொடாம விட்டதுதான் சரி. அப்பாடா. போன வாரம் அந்த ரெஹானா, கடைசி பெஞ்சு வாயாடி, "டீச்சர், கோளம் உருளை கூம்புன்னு இதையெல்லாம் வச்சு வாழ்க்கையில என்ன செய்யப் போறோம்?"னு கேட்டுச்சு. மார்க்குக்குன்னு சொல்லித் தட்டிவிட்டுட்டேன். அந்தக் கழுதையை இப்ப இங்க இழுத்துட்டு வந்து நிறுத்தணும், வாடி, இந்தக் கங்கு முன்னாடி நில்லு, சொல்றேன் பதிலு. பூக்காரம்மா முழங்கையால அளந்து தர்றதும் இதுதான், சாப்பாட்டுக்கு ஒருத்தர் கூட வந்தா குழம்புக்கு எவ்வளவு கூட்டணும், எதைக் கூட்டக் கூடாதுன்னு உங்கம்மா யோசிக்கிறதும் இதுதான். எது கூடுது, எது கூடல, எது கூடுற மாதிரி காட்டி ஏமாத்துது, இதை நின்னு பார்க்கிறதுக்குப் பேருதான் கணக்கு. சூத்திரம் மறந்து போகட்டும், யாருக்கு வேணும், இந்தப் பார்வை இருந்தா போதும். நல்லா பேசுறேனே! தேக்சா திறக்கறதுக்கு முன்னாடி என்ன வாய்! உள்ள மைக்ல சம்மதம் சொல்ற "கபூல்" கேட்டுச்சு. மாப்பிள்ளைதான். குரல் நல்லா கணீர்னு இருக்கு. பாரக்கல்லாஹ்னு எல்லாரும் சேர்ந்து வாழ்த்துறாங்க. என் தங்கச்சி கல்யாணம் முடிஞ்சு போச்சு, நான் பார்க்கல, நான் மாவு ஒட்டின விளிம்பைப் பார்த்துக்கிட்டு நின்னேன்.

"உடைச்சிரலாமா?" பீர் அண்ணன் குரல் அடங்கிப்போய் வருது. உடைங்க. கங்கைத் தள்ளுறார், காஞ்ச மாவைச் சட்டுவத்தால தட்டுறார், முதல் தட்டுலயே வாசனை பிச்சுக்கிட்டு வந்துருச்சு, புதினாவும் பட்டையும் நெய்யுமா. வாசனையை நம்பக் கூடாது, அன்னைக்கும் வாசனை நல்லாத்தான் இருந்துச்சாம். மூடியைத் தூக்கினார். ஆவி, கண்ணை மறைக்கிற ஆவி, எவ்வளவு நேரம் இந்த ஆவி, போ, விலகு. அவர் ஓரமா அகப்பையைச் செருகி அடியில இருந்து ஒரு புரட்டுப் புரட்டினார். சோறு உதிர்ந்து விழுந்துச்சு. ஒண்ணோட ஒண்ணு ஒட்டல. நான் கையை விட்டு, சுட்டுச்சு, சுட்டா சுடட்டும், ஒத்தைச் சோத்தை எடுத்து ரெண்டு விரலுக்கு நடுவுல வச்சு நசுக்கினேன். மெத்துன்னு போச்சு. வெள்ளை இல்ல. இன்னொண்ணு. இல்ல. நடுவுல இருந்து ஒண்ணு, அடியில இருந்து ஒண்ணு. எங்கேயும் இல்ல! அடுத்த தேக்சாவையும் உடைச்சாச்சு, அதுவும் இதே மாதிரி, ரெண்டும் ஒரு தாய்ப் பிள்ளைங்க. பீர் அண்ணன் ஒரு வாய் போட்டு மென்னார், கண்ணை மூடினார், திறந்தார். "தாயீ, அந்தக் கொடிக்கயித்தை என்கிட்ட குடுத்துட்டுப் போ. என் சாமான் பையில போட்டு வச்சுக்கிறேன்." வச்சுக்கங்க அண்ணே, தாராளமா வச்சுக்கங்க. எனக்குக் கத்தணும் போல இருக்கு. பட்டுச்சேலையும் பூவுமா இந்தக் கொட்டகையில குதிக்கணும் போல இருக்கு.

முதத் தட்டை நானே எடுத்துக்கிட்டுப் போனேன். முகத்துல கரி இருக்கும், இருக்கட்டும். பெண்கள் பக்கம் முதல் வரிசை, நீலச் சேலை. "வா ஜீனத்து, எங்கே ஆளையே காணோம், தங்கச்சி நிக்காஹ் நேரத்துல?" கேட்டுக்கிட்டே கமரு மச்சி தட்டை வாங்கினாங்க, வாங்கின கை தானாவே ஒத்தைச் சோத்தை எடுத்துருச்சு. பக்கத்துல இருந்தவங்க பேச்சை நிறுத்திட்டாங்க, எல்லாருக்கும் அந்தக் கதை தெரியும், இவங்க சொல்லாத வீடு எது? நசுக்கினாங்க. விரலைப் பார்த்தாங்க. இன்னொரு சோத்தை எடுத்து நசுக்கினாங்க. சாப்பிட ஆரம்பிச்சாங்க, நான் நகரல, நகர மாட்டேன், இருபது வருசம் நின்னவளுக்கு இது ஒரு நேரமா. பாதித் தட்டு காலியானதும் தலையைத் தூக்காமலே கேட்டாங்க, "யாரு பண்டாரி?" "பண்டாரி ஆஸ்பத்திரியில இருக்காரு மச்சி. பீர் அண்ணன் கிண்டினாரு. தண்ணிக்கு அளவு சொன்னது நான்." மென்னுக்கிட்டிருந்த வாய் நின்னுச்சு. என்னைப் பார்த்தாங்க, கரியைப் பார்த்தாங்க. நான் விடல, அந்த வரிசைக்கே கேக்குற மாதிரி சொன்னேன்: "என் கல்யாணத்துக்கும் இதே மாதிரி பெரிய தேக்சா வரல மச்சி, சின்னது ரெண்டுலதான் ஆக்கினாங்க. ரெண்டா ஆக்கினா வாய் கூடும், ஆவி கூடப் போகும், தண்ணி கூட வேணும். அது அன்னைக்கு யாருக்கும் தோணல. எங்கத்தா மேல தப்பில்ல." கமரு மச்சி மிச்சச் சோத்தை வழிச்சுத் தின்னு முடிச்சாங்க. அப்புறம் தட்டை என் பக்கமா தள்ளினாங்க. "இன்னும் ஒரு கரண்டி வைக்கச் சொல்லு. அடியில இருந்து."

தட்டோட திரும்பி நடந்தேன், நடக்கலை, மிதந்தேன். கொட்டகை வாசல்ல பிரிச்ச மூட்டை ஒண்ணு கிடந்துச்சு, அடியில ஒரு பிடி அரிசி மிச்சம். நான் பார்த்து வாங்கின அரிசி. அன்னைக்கு அத்தா வாங்கின அதே கடை, அதே ரகம், வேற கடைக்குப் போக எனக்குப் பிடிவாதமா மனசு வரல. குனிஞ்சு ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில வச்சுப் பார்த்தேன். அத்தா, உங்க அரிசி நல்ல அரிசிதான்.